எரிமலையா, நிலநடுக்கமா, பேரலையா: நிலவியலாளர் வரும் பேரழிவுப் படங்களில் எதைப் பார்க்கலாம்?

ஒரு ராத்திரி, ஒரு படம். எரிமலையோ நிலநடுக்கமோ மலைச்சரிவோ ஏதாவது ஒன்று ஊரைப் புரட்டிப் போட வேண்டும். அதை முன்னதாகவே மோப்பம் பிடிக்கிற நிலவியலாளர் ஒருவர் கதையில் இருக்க வேண்டும். பார்ப்பவரை நகம் கடிக்க வைக்கவும் வேண்டும். இப்படி வடிகட்டினால் நான்கு படங்கள் மிஞ்சுகின்றன. 1997இல் இரண்டரை மாத இடைவெளியில் அடுத்தடுத்து வந்த ‘டான்டேஸ் பீக்’, ‘வால்கேனோ’. 2015இல் வந்த ‘சான் ஆன்ட்ரியாஸ்’. அதே ஆண்டு நார்வேயிலிருந்து வந்த ‘தி வேவ்’. நான்குமே 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் நேரத்தை வைத்துத் தேர்வு செய்ய வழியில்லை.

கிராஃபிக்ஸை வைத்தும் தேர்வு செய்ய வேண்டாம். கட்டடம் சரிவதைப் பணம் இருந்தால் யாரும் காட்டிவிடலாம். நிலவியலாளர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் கேள்வி. கருவி ஏதோ சொல்கிறது, ஆனால் தெளிவாகச் சொல்லவில்லை. சைரனை ஊதி ஒன்றும் நடக்காமல் போனால் சுற்றுலா சீசன் போச்சு, ஊரின் பிழைப்பு போச்சு, அடுத்த முறை ஊதினால் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஊதாமல் விட்டு மலை விழுந்துவிட்டால் பேச்சே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆளை எவ்வளவு நேரம் தவிக்க விடுகிறதோ, அந்த அளவுக்கு இந்த வகைப் படம் நன்றாக இருக்கும். இங்கே நாம் பிடித்திருக்கும் அளவுகோல் அதுதான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். பெரியவர்கள் மட்டும் பார்ப்பதாக இருந்தால் ‘தி வேவ்’. பள்ளிப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் ‘டான்டேஸ் பீக்’. பெரிய திரையும் நல்ல ஸ்பீக்கரும் இருக்கிறது, மூளைக்கு ஓய்வு வேண்டும் என்றால் ‘சான் ஆன்ட்ரியாஸ்’. ‘வால்கேனோ’வை யாருக்குச் சொல்லலாம் என்பதைக் கீழே பார்ப்போம். கதைத் திருப்பங்கள் சில இனி வெளியே வரும்; அது கூடாது என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு படத்தைப் போட்டுவிடலாம்.

டான்டேஸ் பீக்

ரோஜர் டொனால்ட்சன் இயக்கியது. பியர்ஸ் பிராஸ்னன், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எரிமலை வல்லுநர் ஹாரி டால்டன். லிண்டா ஹாமில்டன் ஊரின் மேயர். கதை நடப்பது காஸ்கேட் மலைத்தொடரில் உள்ள ஒரு கற்பனை ஊரில். படம் எடுத்தது ஐடஹோ மாநிலத்தின் வாலஸ் என்ற பழைய சுரங்க ஊரில்.

முதல் ஒரு மணி நேரம்தான் இந்தப் படத்தின் சொத்து. மலை வெடிப்பதற்கு முன் என்னென்ன நடக்கும் என்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள். காரணமே இல்லாமல் பட்டுப்போன மரங்கள். செத்துக் கிடக்கும் அணில்கள். வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போன ஜோடி வெந்து செத்துப்போகிறது. பிறகு குழாய்த் தண்ணீரே நிறம் மாறுகிறது.

மரம் பட்டுப்போவது திரைக்கதைக்காகச் சேர்த்த சமாச்சாரம் இல்லை. கலிபோர்னியாவின் மாமத் மலையில் 1989இல் சிறு அதிர்வுகள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. மறு ஆண்டிலிருந்து ஹார்ஸ்ஷூ ஏரிக்கரை மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காயத் தொடங்கின. வறட்சியோ பூச்சியோ என்று முதலில் நினைத்தார்கள். கீழே இருந்த எரிமலைக் குழம்பிலிருந்து கிளம்பிய கரியமில வாயு மண்ணுக்குள் நிறைந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. இலை அந்த வாயுவில் வாழும். வேருக்கு வேண்டியதோ ஆக்சிஜன். அது கிடைக்காத வேர் மூச்சு முட்டிச் சாகிறது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளங்களில் தேங்கும். தரையோடு தரையாக வாழும் சிறு பிராணிகள் முதலில் சாவதும் அதனால்தான். இதையெல்லாம் வசனத்தில் விளக்காமல் ஒரு மரத்தையும் ஒரு அணிலையும் காட்டி நகர்ந்துவிடுகிறார்கள். தெரிந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே வயிற்றைக் கலக்கும்.

ஹாரியின் மேலதிகாரி பால், எச்சரிக்கை விடத் தயங்குகிறார். சாதாரணமாக இப்படிப் படங்களில் இந்தப் பாத்திரம் வெறும் முட்டாளாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. அவருடைய பயத்துக்கு நிஜத்தில் வேர் உண்டு. 1982இல் அதே மாமத் லேக்ஸ் ஊருக்கு எரிமலை ஆபத்து அறிவிப்பு வந்தது. மலை வெடிக்கவில்லை. சுற்றுலா படுத்தது, வீட்டு விலை சரிந்தது, விஞ்ஞானிகள் மீது ஊரே காறித் துப்பாத குறை. தப்பிக்கவென்று ஊருக்கு இரண்டாவது சாலை ஒன்று போட்டார்கள். ‘தப்பிக்கும் வழி’ என்று பெயர் வைத்தால் சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று ‘இயற்கை எழில் சாலை’ என்ற பொருளில் பெயரை மாற்றினார்கள். இதை வைத்தே தனிப் படம் எடுக்கலாம்.

கொஞ்ச நாள் மலை அடங்கிக் கிடக்கவே, குழு மூட்டை கட்டத் தொடங்குகிறது. இதுவும் சரியான இடம். மலை அமைதியானால் ஆபத்து நீங்கியது என்று அர்த்தமில்லை. பிலிப்பைன்ஸின் பினடூபோவில் 1991 மே 13 அன்று நாளொன்றுக்குச் சுமார் 500 டன் கந்தக டை ஆக்சைடு வந்துகொண்டிருந்தது; மே 28இல் அது 5,000 டன்னைத் தாண்டியது; ஜூன் முதல் வாரத்தில் சட்டென்று சில நூறு டன்னுக்கு இறங்கிவிட்டது. மேலேறிய குழம்பு வாயிலை அடைத்துக்கொண்டால் வாயு உள்ளேயே சிறைப்படும், அழுத்தம் ஏறும். அங்கிருந்தவர்கள் இந்த இறக்கத்தைக் கண்டு நிம்மதி அடையவில்லை. மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் படித்து மக்களை வெளியேற்றினார்கள். ஜூன் 15இல் மலை வெடித்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின.

வெடித்த பிறகு படம் ஹாலிவுட் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மூன்று இடங்களில் அறிவியல் கைவிடப்படுகிறது.

முதலாவது அமில ஏரி. படகு கரைகிறது, பாட்டி இறங்கித் தள்ளுகிறார், கால் வெந்துபோகிறது. அமில ஏரிகள் உண்டு. ஜாவாவின் காவா இஜென் ஏரி நீரின் அமிலத்தன்மை கார் பேட்டரிக்குப் பக்கத்தில் வரும். அதன் கரையிலேயே கந்தகம் வெட்டுகிறார்கள். ஆனால் சில நாளில் நல்ல ஏரி ஒன்று அந்த நிலைக்கு வராது. அவ்வளவு தண்ணீரை மாற்றப் பெருமளவு வாயு நெடுங்காலம் கரைய வேண்டும். உலோகப் படகும் நிமிடங்களில் கரையாது.

இரண்டாவது லாவா. ஹவாயில் ஓடுவதைப் போன்ற நீர்த்த லாவாவும், பினடூபோவில் பார்த்த மாதிரியான வெடிப்பும் ஒரே மலையில் ஒரே பொழுதில் வருகின்றன. வெடித்துச் சிதறும் குழம்பு பிசுபிசுப்பானது. அதனால்தான் வாயு தப்ப முடியாமல் வெடிக்கிறது. அது ஆறாக ஓடாது. ஆறாக ஓடும் குழம்பு 1,100 டிகிரிக்கு மேல் இருக்கும். அதன்மேல் டயர் வண்டியை ஓட்டிக் கடப்பதெல்லாம் பிராஸ்னனுக்கு மட்டுமே சாத்தியம்.

மூன்றாவது, வண்டியில் ஏறிச் சூட்டுமேகத்தை முந்துவது. சாம்பலும் கல்லும் கொதிவாயுவும் கலந்து மலைச்சரிவில் இறங்கும் அந்த மேகம் 100 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். 1980 மே 18இல் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் பக்கவாட்டு வெடிப்பு மணிக்கு 480 கிலோமீட்டருக்குக் குறையாமல் பாய்ந்தது. மேகம் கண்ணில் பட்ட பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்பவர் தப்ப மாட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படத்துக்கு மதிப்பெண் குறைய வேண்டியதில்லை. பனி உருகிச் சேறும் மரமுமாக ஆற்றில் இறங்கிப் பாலத்தை அடித்துக்கொண்டு போகும் காட்சி ஒன்றே போதும். எரிமலைச் சாவுகளில் இந்தச் சேற்றுப் பெருக்கின் பங்கு பெரியது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலையில் 1985 நவம்பர் 13இல் நடந்தது பெரிய வெடிப்பே இல்லை. உச்சிப் பனி உருகி இறங்கிய சேறு அர்மேரோ ஊரைப் புதைத்தது, மடிந்தவர்கள் சுமார் 23,000 பேர். அங்கே எச்சரிக்கையும் இருந்தது, ஆபத்து வரைபடமும் இருந்தது. ஊரைக் கிளப்பத்தான் ஆள் இல்லை.

வால்கேனோ

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவில், லா பிரியா தார்க் குட்டையிலிருந்து எரிமலை கிளம்புகிறது. அடிப்படையே கோணல். அந்தத் தார், நிலத்தடி எண்ணெய் கசிந்து வந்தது. எரிமலைக்கும் அதற்கும் ஒட்டுறவு கிடையாது. நகரத்துக்கு அடியில் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றனவே தவிர, ஒன்று இன்னொன்றுக்குக் கீழே இறங்கி உருகவில்லை. ஆன் ஹேச் நடிக்கும் நிலவியலாளர் ஏமி பார்ன்ஸுக்கு வேலையும் குறைவு; நகரப் பேரிடர் மேலாண்மை அதிகாரியாக வரும் டாமி லீ ஜோன்ஸ்தான் ஓடுகிறார். நம் அளவுகோலில் படம் இங்கேயே தோற்றுவிடுகிறது. சைரன் ஊதலாமா வேண்டாமா என்ற கேள்வி அரை மணி நேரத்தில் முடிந்துபோகிறது. மீதி எல்லாம் தீயணைப்பு.

ஆனால் தீயணைப்புதான் பார்க்க வேண்டும் என்றால் இதற்கு ஈடு இல்லை. சிவில் இன்ஜினீயரிங் படித்தவர்கள், தீயணைப்புத் துறையில் இருப்பவர்கள், ‘இதை எப்படித் தடுப்பது’ என்று யோசிக்கிற ஆட்கள் ‘வால்கேனோ’வை எடுக்கலாம். சாலைத் தடுப்புக் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அணை கட்டுகிறார்கள். லாவா அதில் முட்டித் தேங்கியதும் ஹெலிகாப்டரிலிருந்தும் குழாயிலிருந்தும் தண்ணீரைக் கொட்டி முன்பக்கத்தை உறைய வைக்கிறார்கள்.

இதில் பாதி நிஜம். ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில் 1973 ஜனவரி 23 அன்று ஊரோரத்தில் நிலம் பிளந்து லாவா துறைமுக வாயிலை நோக்கி நகர்ந்தது. மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி அடித்தார்கள். முன்விளிம்பு இறுகிச் சுவராகி, பின்னால் வந்த லாவாவைத் திருப்பியது. துறைமுகம் பிழைத்தது. படத்தில் தவறுவது கணக்கு. சாலைக் கட்டை ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. லாவா தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அந்தத் தள்ளுக்குக் கட்டை நகர்ந்துவிடும். மேலும் கான்கிரீட்டில் ஈரம் இருக்கும்; கடும் சூட்டில் அது ஆவியாகி மேற்பரப்பைப் பிளந்து தெறிக்க வைக்கும். ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊரைச் சுற்றி அண்மையில் எழுப்பியவை அடி அகலமான மண், கல் கரைகள். ஆள் உயரத்துக்குப் பல மடங்கு. அதிலும் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள்.

மெட்ரோ ரயிலில் ஒருவர் லாவாவில் குதித்து உருகி அமிழும் காட்சியைப் பற்றி நிறையப் பேர் கேட்பதுண்டு. அமிழ மாட்டார்; லாவா அவரைவிட அவ்வளவு கனம். மேலேயே கிடந்து எரிந்துபோவார். படத்தில் காட்டியதைவிட இது கொடுமை.

சான் ஆன்ட்ரியாஸ்

பால் ஜியாமட்டி இதில் கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் நில அதிர்வு ஆய்வாளர். காந்தத் துடிப்புகளை வைத்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்திருக்கிறார். ஹூவர் அணையில் 7.1, லாஸ் ஏஞ்சல்ஸில் 9.1, சான் பிரான்சிஸ்கோவில் 9.6 என்று படியேறிக்கொண்டே போகிறது படம். ட்வெய்ன் ஜான்சன் ஹெலிகாப்டரில், காரில், விமானத்தில், படகில் என்று மகளைத் தேடிப் போகிறார். நிலவியலாளரும் கதாநாயகனும் சந்திப்பதே இல்லை. ஒருவர் டெஸ்க்கில், ஒருவர் வானத்தில். இதனால் சஸ்பென்ஸ் இரண்டாகப் பிளந்துபோகிறது.

எண்களில் ஒரு சின்ன வகுப்பு எடுக்க இந்தப் படம் உதவும். அளவு ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. 1906இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்தது 7.9. படத்தின் 9.6 அதைப் போல 350 மடங்கு. கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது 1960இல் சிலி நாட்டில் வந்த 9.5. கலிபோர்னியா வழியாக ஓடும் சான் ஆன்ட்ரியாஸ் நிலப்பிளவால் இதைத் தர முடியாது. நிலநடுக்கத்தின் அளவு, எவ்வளவு பரப்பு ஒரே மூச்சில் நழுவுகிறது என்பதைப் பொறுத்தது. சிலியில் சாய்வாக இறங்கும் தட்டு. 1,000 கிலோமீட்டர் நீளமும், அகலத்தில் 200 கிலோமீட்டர் அளவும் நழுவியது. கலிபோர்னியாவில் பிளவு நீளம்தான், ஆனால் செங்குத்து. 15, 20 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே பாறை சூடாகி இளகிவிடுவதால் உடைய ஒன்றுமில்லை. முழு நீளமும் கிழிந்தாலும் 8.3 அளவோடு நிற்கும்.

சுனாமியும் அப்படித்தான். உள்ளங்கைகளை ஒட்டி வைத்து ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தேய்ப்பது போலத்தான் சான் ஆன்ட்ரியாஸ் நகர்கிறது; தண்ணீரை மேலே தூக்க எதுவும் இல்லை. நிலம் வாய் பிளந்து பாதாளம் தெரிவதும் கதைதான். இரண்டு பக்கமும் இறுக்கி உரசுவதால்தான் நடுக்கமே வருகிறது. இடைவெளி விழுந்தால் உரசுவது எங்கே?

இந்த வித்தியாசத்தைச் சென்னைக்காரர்கள் நேரிலேயே அறிவார்கள். 2004 டிசம்பர் 26இல் சுமத்ரா அருகே 9.1, தட்டு தட்டுக்கு அடியில் நழுவிக் கடல் தரை உயர்ந்தது. கடலோரம் முழுவதும் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் அதே சுமத்ரா பக்கம் 8.6. அலுவலகங்கள் காலியாகின, கடற்கரையிலிருந்து கூட்டம் விலக்கப்பட்டது, எச்சரிக்கை வந்தது. பெரிய அலை வரவில்லை. அன்று நழுவியது பக்கவாட்டில். அன்றைக்கு எச்சரிக்கை விட்டது தப்பில்லை. அலை வருமா என்று தெரிவதற்குள் விட்டாக வேண்டும்.

ஜியாமட்டியின் பாத்திரம் நேரம் குறித்து முன்னறிவிக்கிறது. அப்படி நம்பகமான முறை இன்றுவரை எவரிடமும் இல்லை. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் ஒரு நடுக்கம் 1993க்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள்; அது வந்தது 2004 செப்டம்பரில். இத்தாலியின் லாக்விலாவில் 2009இல் 300க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மக்களுக்குத் தவறான ஆறுதல் சொன்னதாக 6 விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் சிறைத் தண்டனை விதித்தது நீதிமன்றம். விஞ்ஞானிகள் 2014இல் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். இந்த நெருக்கடி எதுவும் ஜியாமட்டிக்கு இல்லை. அவர் சொன்னால் அது நடக்கிறது, அவ்வளவுதான். நல்ல நடிகர் கையில் கொடுத்த வீண் வேடம்.

ஒன்று மட்டும் உருப்படி. மேசைக்கு அடியில் புகு, தலையை மூடு, பிடித்துக்கொள் என்று அவர் கத்துவது சரியான பாடம். பிள்ளைகள் அதையாவது எடுத்துக்கொள்ளட்டும்.

தி வேவ்

ரோர் உதாக் இயக்கிய நார்வேஜியப் படம். செலவு ஹாலிவுட் படங்களோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆஸ்கர் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு நார்வே இதைத்தான் அனுப்பியது.

கதை நடக்கும் இடமும் நிஜம், மலையும் நிஜம். நீண்ட ஒடுங்கிய கடற்கழிக்கு மேலே ஓகெர்நேசெட் என்ற மலைச்சரிவு. அதில் ஒரு வெடிப்பு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று விரிந்துகொண்டே வருகிறது. அசையும் பாறையின் அளவு 5 கோடி கன மீட்டருக்கு மேல். அது விழுந்தால் கிளம்பும் அலை கைராங்கர் ஊருக்குள் வர ஏறக்குறைய 10 நிமிடம். பயமுறுத்தக் கற்பனை தேவைப்படவில்லை. 1934 ஏப்ரல் 7இல் பக்கத்துத் தாஃப்யோர்டில் மலை சரிந்து 60 மீட்டருக்கு மேல் அலை எழும்பியது. 40 பேர் இறந்தனர். லோயன் பள்ளத்தாக்கில் 1905இல் ஒரு முறை, 1936இல் மறுபடியும்.

நிலவியலாளர் கிறிஸ்டியனாக கிறிஸ்டோஃபர் யோனர். கண்காணிப்பு நிலையத்தில் கடைசி நாள். எண்ணெய்க் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறார். கேக் வெட்டியாகிவிட்டது. அன்றைக்குத்தான் நிலத்தடி நீரைக் காட்டும் உணர்கருவிகள் சட்டென்று அடங்குகின்றன. கருவி பழுதா, மலையா? சக ஊழியர்கள் பழுது என்கிறார்கள். படகுக்கு வரிசையில் நிற்கும்போது அவருக்குப் பொறி தட்டுகிறது: கருவி கெடவில்லை, உள்ளே பாறை நகர்ந்து கேபிளை அறுத்திருக்கிறது. பிள்ளைகள் பின்சீட்டில் இருக்க, வண்டியைத் திருப்புகிறார்.

அங்கிருந்து படம் பிடித்த பிடியை விடுவதில்லை. நிலையத் தலைவர் ஆர்விட் கெட்டவர் இல்லை. சீசன் நேரத்தில் ஒரு கேபிளை நம்பி ஊரைக் காலி செய்யத் தயங்குகிறார். வெடிப்புக்குள் கயிறு கட்டி இறங்கும் காட்சியில் இசைகூட அதிகம் இல்லை. கருவியின் எண் மாறுவதும், மேலே ஒருவர் அதைப் படிப்பதும்தான். வெடிப்பு விரிந்துகொண்டே போகும் என்று நாம் எதிர்பார்க்கும் நேரத்தில் அது சுருங்குகிறது. பாதிப் படம் வரை மலை விழுவதில்லை. விழுந்த பிறகு, கடல் மட்டத்திலிருந்து 80 மீட்டர் உயரத்துக்கு ஏறியாக வேண்டும் என்ற ஒரே ஒரு கணக்கு. சாலையில் கார்கள் முட்டி நிற்கின்றன. பின்னால் அலை.

அறிவியலில் ஒரு பெரிய சமரசம் உண்டு: இவ்வளவு பெரிய பாறை ஒரே ராத்திரியில் முடிவெடுக்காது. விழுவதற்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் முன்பே வேகம் கூடும். அந்த வேகத்தின் தலைகீழ் எண்ணை (ஒன்றை வேகத்தால் வகுத்தால் வருவது) நாளுக்கு நாள் வரைந்தால் கோடு சரிந்து வரும்; அது பூஜ்யத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய விழும் நேரம். அதனால் நிஜ ஓகெர்நேசெட்டில் 10 நிமிட எச்சரிக்கை என்ற நிலைமை வரக்கூடாது. ஊரை முன்பே காலி செய்திருப்பார்கள். அப்படிக் காலி செய்வதன் தொல்லையும் நார்வேக்குத் தெரியும். ரௌமா பள்ளத்தாக்கில் வெஸ்லெமன்னன் என்ற பாறைக்காக 2014 முதல் அங்கிருந்த குடும்பங்களை 16 முறை வெளியேற்றினார்கள். ஒவ்வொரு முறையும் விழவில்லை, திரும்பினார்கள். 2019 செப்டம்பர் 5 இரவு விழுந்தது. ஒரு உயிரும் போகவில்லை.

கடைசி 20 நிமிடத்தில் ஹோட்டல் அடித்தளத்தில் தண்ணீர் ஏறும் பகுதி மட்டும் மற்ற படங்களின் சாயல். மூச்சு நின்றவரை எழுப்பும் காட்சி நம்ப முடியாத அளவுக்கு நீள்கிறது. ஆனால் அதற்குள் படம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது.

மற்றவை

‘தி வேவ்’ பிடித்தவர்கள் அதே கிறிஸ்டியன் வரும் ‘தி குவேக்’ (2018) படத்துக்குப் போகலாம். 1904இல் ஓஸ்லோவை உலுக்கிய 5.4 அளவு நடுக்கம் திரும்பி வந்தால் என்ற கற்பனை. முதல் படத்தில் ஊரைக் காப்பாற்றியவர் இதில் உடைந்துபோன ஆள். அதனால் மெதுவாகவே நகரும். உயரமான ஹோட்டலின் சாய்ந்த மாடியில் நடக்கும் காட்சிக்கு உயரப் பயம் உள்ளவர்கள் தயாராக இருக்க வேண்டும்.

கொரியாவின் ‘ஆஷ்ஃபால்’ (2019) பேக்டு மலை வெடிப்பைப் பற்றியது. ம டாங்-சோக் நிலவியல் பேராசிரியராக வருகிறார், வழக்கமான அடிதடி இல்லாமல். அணுகுண்டை வெடித்துக் குழம்பறையின் அழுத்தத்தைக் குறைப்பது அவருடைய யோசனை. நிஜத்தில் பயம் நேர் எதிர்த்திசையில்: வட கொரியா அணுகுண்டு சோதித்த இடம் அந்த மலையிலிருந்து 115 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது, அந்த அதிர்வு மலையை எழுப்பிவிடுமோ என்று ஆராய்ந்தார்கள். உளவுப் படமாகப் பார்த்தால் விறுவிறுப்பு, நிலவியல் படமாகப் பார்த்தால் நழுவிவிடும்.

‘தி கோர்’ (2003) நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கிண்டலடிக்க. பூமியின் மையத்துக்கு வண்டி ஓட்டிப் போகிறார்கள். மனிதர் தோண்டியதிலேயே ஆழமான ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீட்டர்; மையம் 6,371 கிலோமீட்டர். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பார்ப்பதற்கு முன்

‘தி வேவ்’ படத்தை நார்வேஜிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். ஆங்கில டப்பிங்கில் கண்காணிப்பு நிலையக் காட்சிகளின் அடங்கிய பேச்சு செத்துவிடும். படத்தின் பாதி பலம் அங்கேதான். ‘சான் ஆன்ட்ரியாஸ்’ எந்த மொழியில் பார்த்தாலும் நஷ்டமில்லை, ஆனால் டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் பார்த்தால் பாதிப் படம்தான். கீழ்ச்சுருதி அதிர்வு வராத இடத்தில் அணை உடைவது வெறும் பொம்மை.

பிள்ளைகளுக்கு என்றால்: ‘டான்டேஸ் பீக்’ படத்தில் வெந்நீர் ஊற்றுக் காட்சியையும் பாட்டி ஏரியில் இறங்கும் காட்சியையும் 10 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தாண்டி விடுவது நல்லது. நாய்க்கு ஒன்றும் ஆகாது, இதை முன்பே சொல்லிவிடலாம். ‘தி வேவ்’ அமெரிக்காவில் பெரியவர்களுக்கான ‘ஆர்’ சான்று பெற்றது. அடித்தளத்தில் ஒருவர் தன்னையும் பிள்ளையையும் காப்பாற்ற இன்னொருவரைச் சாகவிடும் கட்டம் உண்டு, சிறுவர்களுக்கு வேண்டாம்.

வகுப்பில் போட்டுக் காட்ட நினைக்கும் ஆசிரியர்கள் ‘டான்டேஸ் பீக்’கை ஊர்க்கூட்டம் நடக்கும் இடம் வரை ஓட்டி நிறுத்திவிடலாம். அங்கே நிறுத்தி, இப்போது கிளம்பச் சொல்வீர்களா மாட்டீர்களா என்று கேட்டால் ஒரு பீரியட் ஓடிவிடும். கூடவே கத்தியா, மாரிஸ் கிராஃப்ட் தம்பதி எடுத்த எரிமலை ஆபத்துக் காணொளியைத் தேடிப் பிடித்துக் காட்டலாம். பினடூபோவில் அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் அதைப் போட்டுக் காட்டித்தான் வெளியேறச் சம்மதிக்க வைத்தார்கள். அதை எடுத்த இருவரும், பினடூபோ வெடிக்க 12 நாள் இருக்கையில், 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில் சூட்டுமேகத்தில் சிக்கி இறந்தார்கள்.